மூணாம் ஓலைக்கு முந்தி

கொட்டச்சேடு
22.6.97

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி செல்வமேரி எழுதறது. மாதா புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகமுங்க. அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல. அப்பா எஸ்டேட்டுல, காபிப் பழம் உரிக்கற பல்பர் ஊட்டுல மெஷினைக் கழட்டிப் போட்டுத் தொடைச்சுக்கிட்டு இருக்காரு. பெங்களூர்ல உங்க சளி எப்பிடி இருக்குது, எழுதுங்க.

சுகம் விசாரிச்சாச்சு. இப்ப சண்டைக்கு வரேன்.

மே மாசம் நான் வேலை பாக்கற ஸ்கூலுக்குக் கம்ப்யூட்டர் மாட்ட வந்தீங்களே, அப்ப லேப்ல கடைசி மெஷின்ல ஒரு கேமைப் போட்டு, "சாயங்காலம் புள்ளைங்க போனப்புறம் வெளையாடு கண்ணு, பொழுது போகும்"னீங்களே. பொழுதெல்லாம் நல்லாத்தான் போச்சு. ரத்தம்தான் கொதிச்சுப் போச்சு.

மலை மேல மணிக்கூண்டு வெச்ச ஒரு ஊரு. உள்ள நொழைஞ்சதும் மாவு மில்லுக்காரன் ஒருத்தன் கையெடுத்துக் கும்புடறான். "எந்தங்கச்சியைக் கோட்டைக்காரன் ஆளுங்க தூக்கிட்டுப் போகப் போறாங்க, மூணாவது மணி அடிக்கறதுக்குள்ள வந்து காப்பாத்து"ங்கறான். மூணாவது மணின்னா நான் என்னன்னு எடுத்துக்குவேன்? காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, பொழுது சாய ஒண்ணு, நம்ம கோயில் திரிகால மணிதானே? சாயங்காலம் வரைக்கும் நேரம் கெடக்குதேன்னு, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஓநாயோட ஒரு சண்டை, சத்திரத்துல ஒரு தூக்கம், திருடனோட ஒரு சண்டை, மறுக்கா ஒரு தூக்கம்னு உடம்பைத் தேத்திக்கிட்டு, நல்ல வெளிச்சத்துலயே மில்லுக்குப் போனேன். கதவு ஒடைஞ்சு கெடக்குது. அவ இல்ல. அண்ணங்காரன் படியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுவறான். அழுதுகிட்டே, "நீ வந்ததே போதும்"னு எனக்கு ஒரு மோதிரம் குடுக்கறானுங்க!

தங்கச்சியைக் காணோம், மோதிரம் குடுக்கறானாம் மோதிரம். கீபோர்டைத் தூக்கி அடிச்சிருப்பேன், அது ஸ்கூலோடதுன்னு உட்டேன். இது என்னங்கண்ணா நாயம்?

இப்படிக்கு,
கோவத்தோட மேரி


பெங்களூர்
5.7.97

அன்புத் தங்கை மேரிக்கு, அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் ஆசீர்வாதம். நலம். சளி போய் இருமல் வந்திருக்கிறது. அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு கடையில் தனியாகச் சிரித்தேன். பைத்தியமே, அது கதை. நீ எப்போது போனாலும் அவள் போயிருப்பாள், அவன் அழுவான், மோதிரம் கிடைக்கும். நான் மூன்று தடவை முழுசாக முடித்தவன் சொல்கிறேன். மணியெல்லாம் சும்மா சவுண்டு. கேம் உனக்காகக் காத்திருக்கும், அவசரமே கிடையாது. முதலில் பலத்தைச் சேர். கவசம் வாங்கு, தூங்கு, அப்புறம் போ. வெறுங்கையோடு போகிறவன் செத்துத்தான் போவான்.

மோதிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், கடைசிக் கோட்டையில் உதவும்.

அன்புடன்,
ஸ்தனிஸ்


கொட்டச்சேடு
20.7.97

அன்புள்ள அண்ணனுக்கு, மேரி எழுதறது. இருமலுக்கு அம்மா மிளகு வறுத்துப் பொடி பண்ணி வெச்சிருக்காங்க, யாராச்சும் வந்தா குடுத்து அனுப்பறோம். இங்க மழை விடாம ஊத்துது, மத்தபடி சுகம்.

மணி சும்மா சவுண்டு இல்லீங்கண்ணா. சத்திரத்துல தூங்கறோம்ல, ஒவ்வொரு தூக்கத்துக்கும் ஒரு மணி அடிக்குது. பொழுதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நாம உடம்பைத் தேத்தத் தூங்கறோம், அங்க அவளுக்கு நேரம் ஓடுது. இந்தத் தடவை ஒரு தூக்கத்தைக் கொறைச்சுக்கிட்டுப் போனேன். அவளை ஏத்துன வண்டி வளைவுல திரும்பறதைப் பாத்தேன். கத்துனேன், நிக்கல. துப்பட்டி மட்டும் முள்ளுல மாட்டிக் கெடந்துச்சு. அப்ப எப்பப் போனாலும் ஒண்ணுதான்னு எப்பிடிச் சொன்னீங்க? மூணு தடவையும் நல்லாத் தூங்கிட்டுப் போயிருக்கீங்க, வேறென்ன.

சரி, அது கெடக்கட்டும். ஊட்டுல ஒரு சமாச்சாரம். எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணி அவரு மகன் லூர்துராஜுக்கு என்னைக் கேட்டு வந்திருக்காரு. அப்பா நாற்காலியைத் தொடைச்சுப் போட்டுட்டு அவரு நின்னுக்கிட்டாரு. எனக்கு வேண்டாமுங்கண்ணா. போன மாசம் மஞ்சக்குட்டை ஜீப் ஸ்டாண்டுல, யாருகிட்டயோ சிரிச்சுப் பேசுனான்னு, கூடப்பொறந்த தங்கச்சியை அத்தனை பேரு முன்னாடி அந்தாளு அறைஞ்சதை நான் இந்தக் கண்ணால பாத்தேன். அறைஞ்சுட்டு, ஜீப்புல ஏறி, கண்ணாடியில தலையைச் சீவறான். கல்யாணம் ஆனப்புறம் பொட்டி தட்டற வேலை வேண்டாம்னு இப்பவே சொல்லியும் அனுப்பிட்டான்.

ரைட்டரு உங்களை அவரு மச்சான் கடையில சேத்துவிட்டாரு, வாஸ்தவம். அதுக்காக எந்தலையையா குடுக்க முடியும்? மே மாசம் பஸ் ஸ்டாண்டுல நின்னு, "உனக்குப் புடிக்காத எடத்துல தள்ள உடமாட்டேன் கண்ணு"ன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனீங்க. அப்பா உங்க வாயில வந்தாத்தான் எதையும் கேப்பாரு. ஆகஸ்டு பதினஞ்சு லீவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நொம்ப வேண்டாம், ஒரே வார்த்தை போதும்.

மேரி


பெங்களூர்
24.8.97

அன்புத் தங்கைக்கு, ஸ்தனிஸ் எழுதுவது. மழையில் நனையாதே. அம்மாவை முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல்.

லீவுக்கு வர முடியவில்லை. ஒரு பேங்க்கில் முப்பது மெஷின் மாட்டும் வேலை, ஓனர் விடவில்லை. தசராவுக்கு அப்புறம் என்னை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார். அது ஆகட்டும், பிறகு வந்து பேசினால் என் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும். இப்போது வந்து நின்றால் அப்பா மதிப்பாரா, சொல்.

பையனைப் பற்றி நானும் விசாரித்தேன். கோபக்காரன்தான், ஆனால் சொந்த ஜீப், குடி கிடையாது. கல்யாணம் ஆனால் எல்லாம் தணிந்துவிடும் என்கிறார்கள். எதற்கும் நீ முகத்தைக் காட்டாமல் இரு. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்தனிஸ்


கொட்டச்சேடு
7.9.97

அன்புள்ள அண்ணனுக்கு, மேரி எழுதறது. இங்க சுகம், உங்க சுகத்துக்குக் கோயில்ல மெழுகுத்திரி ஏத்திட்டு வந்தேன். மாதா பொறந்த நாளுக்குக் கொடி ஏத்தியாச்சு.

யாரு தணிஞ்சுடும்னு சொன்னாங்க? சொன்னவங்க தங்கச்சியைக் குடுக்கச் சொல்லுங்க. தசராவுக்கு அப்புறமாச்சும் வாங்க. இங்க ரைட்டர் ஊட்டுல பாத்திரம் வாங்கவே ஆரம்பிச்சுட்டாங்க.

இதைக் கேளுங்க, சிரிப்பும் வருது, பத்திக்கிட்டும் வருது. நேத்து ஒரு தடவைகூடத் தூங்காமப் போனேன். ஓநாய் கடிச்சு உசுரு ஒரு கோடுதான் மிச்சம், கவசம் இல்ல, கத்தி மொக்கை. முதல் மணி அடிக்கறதுக்கு முந்தியே மில்லுல நின்னேன். கோட்டைக்காரன் ஆளுங்க அப்பத்தான் வந்து எறங்கறாங்க. கதவைத் தொறந்து உட்டது யாருன்னு நெனைக்கறீங்க? அந்த அண்ணங்காரன்! உள்ளேர்ந்து தாழ்ப்பாளை எடுத்துட்டு, லாந்தரைப் புடிச்சு வழி காட்டறான். வித்ததே அவன்தானுங்கண்ணா! மூணாவது மணின்னு சொன்னதும் பொய்யி! அவங்க போனப்புறம்தான் கதவை அவனே ஒடைச்சுப் போட்டுட்டுப் படியில உக்காந்து அழுவறது. லேட்டாப் போறவங்க கண்ணுக்கு அந்த அழுகை மட்டும்தான் தெரியும். நமக்கு மோதிரம் வேற. "காப்பாத்து"ன்னு அவனே ஏன் கூப்புட்டான்? நாளைக்கு ஊரு கேட்டா, "நான் ஆள் அனுப்புனேன், அவன்தான் லேட்டு"ன்னு சொல்லத்தான். திருட்டுப் பய.

அந்த ஆளுங்க கையில நான் செத்திருப்பேன். அவளே மாவு மூட்டையைத் தள்ளி உட்டு ஒருத்தனைச் சாச்சா, அதுல பொழைச்சோம். அப்புறம் அவ அண்ணனுக்கு முன்னாடி நிக்கறா. மன்னிக்கறதா, ஊருக்குச் சொல்லறதான்னு எங்கிட்டக் கேக்குது கம்ப்யூட்டரு. நான் எதை அமுத்தறதுன்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல அதுவே "அவள் அவனை மன்னித்தாள்"னு போட்டுருச்சு! நான் எப்ப மன்னிச்சேன்? வாயைத் தொறக்காம இருந்தா மன்னிச்சதுன்னு அர்த்தமா?

மூணு தடவை முடிச்சும் நீங்க இதைப் பாக்கவே இல்லையா? எப்பிடிங்கண்ணா?

மேரி


பெங்களூர்
19.10.97

மேரிக்கு, நலம். நீண்ட நாளாக எழுத முடியவில்லை. காய்ச்சல், அப்புறம் வேலை.

அந்தக் கேமை மெஷினிலிருந்து அழித்துவிடு. ஸ்கூலில் தெரிந்தால் உனக்கும் கெட்ட பேர், எனக்கும் கெட்ட பேர். எந்நேரமும் அதையே பார்த்தால் கண் கெட்டுவிடும்.

ஸ்தனிஸ்


கொட்டச்சேடு
26.10.97

அண்ணனுக்கு, மேரி எழுதறது. காய்ச்சல் உட்டுதுங்களா? இங்க அப்பா அம்மா சுகம். என்னைக் கேக்காதீங்க.

ஒண்ணரை மாசமா தபால்காரரு வர்ற வழியைப் பாத்து நின்னிருக்கேன். வந்தது நாலு வரி, அதுல கேமை அழின்னு ரெண்டு வரி. கல்யாணத்தைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்ல. உங்களுக்கு மறந்துபோச்சா, இல்ல எழுதக் கை வரலையா?

இங்க முடிவு பண்ணிட்டாங்க. கிறிஸ்மஸ்ஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வந்துட்டா கோயில்ல கல்யாணம் வெக்க மாட்டாங்கன்னு, அதுக்கு முந்தியே நவம்பர் பத்தொம்போதுன்னு குறிச்சாச்சு. வியாழக்கெழமை பங்குச் சாமியாருகிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. "சம்மதமா மேரி"ன்னு அவரு கேட்டாரு. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் ரைட்டரு. நான் தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். "வெக்கப்படுது சாமி"ன்னாரு ரைட்டரு. சிரிச்சுக்கிட்டே சம்மதம்னு எழுதிக்கிட்டாரு சாமியாரு. ஊட்டுக்கு வந்து எங்கன்னத்துல நானே அறைஞ்சுக்கிட்டேன், வாயிருந்தும் ஊமையாட்டம் உக்காந்ததுக்கு.

வர்ற ஞாயித்துக்கெழமை பூசையில முதல் ஓலை வாசிக்கறாங்க. "இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிஞ்சவங்க அறிவிக்கணும்"னு மூணு வாரம் படிப்பாங்களே, உங்களுக்குத் தெரியாததா. மூணாம் ஓலை வாசிச்சுட்டா முடிஞ்சது. அதுக்கு முந்தி வாங்கண்ணா. நிரந்தரம் ஆகாட்டிப் போகுது, வெறுங்கையோடயே வாங்க. கால்ல வேணும்னாலும் உழறேன்.

மேரி


பெங்களூர்
5.11.97

அன்புக் கண்ணு மேரிக்கு, அண்ணன் ஆசீர்வாதம். உடம்பு தேறிவிட்டது. அழாதே.

உன்னை மறப்பேனா? ஓனரிடம் லீவு சொல்லிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு பூசைக்கு முன்னால் கண்டிப்பாக வந்து நிற்பேன், மாதா மேல் ஆணை. வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் பேசுகிறேன். அதுவரை பொறுமையாக இரு. யாரிடமும் எதுவும் வாய் திறக்காதே, காரியம் கெட்டுவிடும்.

கேட்க மறந்துவிட்டேன், உனக்கு அரக்கு பிடிக்குமா, மயில் பச்சையா?

ஸ்தனிஸ்


கொட்டச்சேடு
10.11.97

ஸ்தனிஸ் அண்ணனுக்கு, மேரி எழுதறது. உன் சுகம் எப்பிடின்னு தெரிஞ்சுக்கற நெலைமையில நான் இல்ல. மரியாதை கொறையுதுன்னு பாக்காதே, இன்னிக்கு எனக்கு வாங்க போங்கன்னு வர மாட்டேங்குது.

நேத்து ரெண்டாம் ஓலை வாசிச்சாங்க. பூசை முடிஞ்சு மாதா கெபிகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். லூர்துராஜ் வந்தான். உன் கடுதாசி வந்த தெம்புல, "எங்கண்ணன் வர்றாரு, அவரு வந்து இதை நிறுத்துவாரு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கல. "உங்கண்ணனா? மே மாசம் பஸ் ஏறுறதுக்கு முந்தின நாளு எங்கூட்டுக்கு வந்து, 'எந்தங்கச்சியைக் கட்டிக்கறியா'ன்னு பேச்சை எடுத்ததே அவன்தானே. எங்க மாமன் கடையில அவன் நெலைச்சு நிக்கணும்ல?"ன்னான். அவங்கப்பன் ரைட்டருக்குக்கூட அன்னிக்கு அப்பிடி ஒரு நெனைப்பே இல்லையாம்.

மே மாசம்! எனக்கு டாட்டா காட்டறதுக்கு முந்தின நாளு! அங்க போயி தாழ்ப்பாளை எடுத்துட்டு, பஸ் ஸ்டாண்டுல வந்து "தள்ள உடமாட்டேன் கண்ணு"ன்னியே, நாக்கு எப்பிடிடா கூசாமப் போச்சு? லேட்டாகுது, லேட்டாகுதுன்னு நீ எழுதுனதெல்லாம் வர முடியாம இல்ல. மூணாம் ஓலை வாசிக்கட்டும், அப்புறம் போயி அழுதுக்கலாம்னு. அரக்கா, மயில் பச்சையான்னு கேக்கறியே, கூறைச் சீலைக்குத்தானே? வெக்கமா இல்ல?

இன்னிக்கு லேப் சாவியைக் குடுத்துட்டு நேரா சாமியாரு பங்களாவுக்குப் போனேன். தனியா. "தடை தெரிஞ்சவங்க அறிவிக்கணும்னு வாசிச்சீங்களே சாமி, எனக்குத் தெரியும், நான்தான் தடை, எனக்குச் சம்மதம் இல்ல"ன்னேன். "அன்னிக்கே சொல்லறதுக்கு என்னம்மா?"ன்னாரு. "நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள எழுதிட்டீங்க சாமி"ன்னேன். பேனாவை மூடி மூடித் தொறந்தாரு. அப்புறம், "மூணாம் ஓலை கெடையாது, போ"ன்னுட்டாரு. அப்பாவுக்கு ஆள் அனுப்பியிருக்காரு. இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க ஊடு ரெண்டாகும்.

இப்ப உன்னால ஒரு காரியம் ஆகணும். அப்பா என்னைத்தான் கொல்லுவாரு. பெரியவங்க குடுத்த வாக்கைப் பொட்டப்புள்ள முறிச்சுட்டான்னுதான் ஊரும் பேசும். ஞாயித்துக்கெழமை பூசைக்கு முந்தி வா. வந்து, "மேரியைக் கேக்காம வாக்குக் குடுத்தது நான்தான்"னு அப்பாகிட்டச் சொல்லு. அவ்வளவுதான் கேக்கறேன். வரேன்னு மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கே.

மேரி


ஏற்காடு
18.11.97

ஸ்தனிஸ்லாசுக்கு, செல்வமேரி எழுதறது. நீ பத்திரமா பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பேன்னு நெனைக்கறேன். நான் சுகமா இருக்கேன். கொட்டச்சேட்டுல இல்ல, ஸ்கூல் ஹாஸ்டல்ல. சிஸ்டருங்க ஒரு ரூம் குடுத்திருக்காங்க.

வந்தே. வரலைன்னு சொல்லல. பூசைக்கு முந்தி வரேன்னு சத்தியம் பண்ணிட்டு, பூசை முடிஞ்சு சனமெல்லாம் வெளிய வந்தப்புறம் வந்தே. சேலத்துல பஸ் கெடைக்கலைன்னே. என் கடைசிக் கடுதாசி வந்தே சேரலைன்னே. சரி, அப்பிடியே இருக்கட்டும். சாமியாரு பிரசங்கம் முடிச்சு, எங்க பேரை உட்டுட்டு அடுத்த சோடி ஓலையை வாசிச்சப்ப, கோயில்ல அத்தனை தலையும் திரும்பி என்னைப் பாத்துச்சே, அப்ப நீ இல்ல. ரைட்டரு எந்திரிச்சு வெளிய போனப்ப, அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரே, அப்பவும் நீ இல்ல.

அப்புறம் வந்தே. அக்குள்ல சீலைப் பார்சல். விசயம் கேட்டதும் கோயில் படியில பொத்துன்னு உக்காந்து அழுதே பாரு! அந்த மில்லுக்காரனேதான். அதே படி, அதே அழுகை. எஸ்டேட்டுப் பொம்பளைங்க எல்லாம் முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "கூடப்பொறந்த பாசம்னா இதுதாண்டி, தங்கச்சிக்குச் சீலை எடுத்துக்கிட்டு ஓடி வந்திருக்குது பாரு, அவதான் கல்லு"ன்னாங்க. அம்மா உனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அப்பா உன் தோளைத் தட்டி, "உடு சாமி, நீ என்ன பண்ணுவே"ன்னாரு. நான் உன் வாயையே பாத்துக்கிட்டு நின்னேன். இப்பச் சொல்லுவான், இப்பச் சொல்லுவான்னு. நீ தண்ணியைக் குடிச்சே. மூஞ்சியைத் தொடைச்சே. சாயங்காலப் பஸ்ஸுக்கு எந்திரிச்சுட்டே.

நானே சொன்னேன் அப்பாகிட்ட, நீ போனப்புறம். நம்பல. "அண்ணன் மேல பழி போடறியா"ன்னாரு. அதுக்கு மேல எங்கூடப் பேச்சே இல்ல. ரைட்டரு அவரைப் பல்பர் ஊட்டுலேர்ந்து தூக்கிக் களத்துல காபி காயப்போட அனுப்பிட்டாரு. அதுவும் என்னாலதானாம். அம்மா மட்டும் ஒரு தூக்குப்போசியில சோறு கொண்டாந்து ஹாஸ்டல் கேட்டுல குடுத்துட்டுப் போறாங்க.

சீலையைத் திருப்பி அனுப்பியிருக்கேன். மயில் பச்சை. எனக்குப் புடிச்ச கலருதான், அதுல ஒண்ணும் கொறை இல்ல.

கேமை நான் அழிக்கல. அழிக்கவும் மாட்டேன்.

இந்தக் கடுதாசியை எழுத வேண்டாம்னுதான் ரெண்டு நாளா இருந்தேன். இவனுக்கு என்ன எழுத்து வேண்டிக் கெடக்குது, சும்மா இருந்துட்டுப் போவோம்னு நெனைச்சேன். அப்புறம்தான் பயம் வந்துச்சு. நான் பேசாம இருந்தா, நீ கொஞ்ச நாளு பாப்பே. கிறிஸ்மஸ்ஸுக்குக் கேக்கு வாங்கிக்கிட்டு வந்து, "மேரி ஒண்ணும் சொல்லல, மன்னிச்சுட்டா"ன்னு அம்மாகிட்ட நீயே சொல்லிக்குவே. சாமியாரு எழுதிக்கிட்ட மாதிரி, அந்தக் கம்ப்யூட்டரு போட்டுக்கிட்ட மாதிரி.

அதனால நேரத்தோட எழுதிட்டேன். மன்னிக்கல.

செல்வமேரி